கவசம் அணிந்தவர் ஜாக் பிளான்ட்

1959 நவம்பர் 1 அன்று நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் ஐஸ் ஹாக்கி ஆட்டம் தொடங்கிச் சில நிமிடங்களே ஆகியிருந்தன. ரேஞ்சர்ஸ் அணியின் ஆண்டி பாத்கேட் அடித்த பக் என்னும் வட்டு, மொன்ட்ரியால் கனேடியன்ஸ் அணியின் கோல்கீப்பர் ஜாக் பிளான்டின் முகத்தில் மூக்கை ஒட்டிப் பாய்ந்து சதையைக் கிழித்தது. ரத்தம் சட்டையில் வழிய உள்ளே சென்று தையல் போட்டுக்கொண்டவர், முகக்கவசம் இல்லாமல் இனிப் பனியில் இறங்கப்போவதில்லை என்று பயிற்சியாளர் டோ பிளேக்கிடம் சொல்லிவிட்டார். அக்காலத்தில் ஓர் அணி ஒரே ஒரு கோல்கீப்பரைத்தான் அழைத்து வரும். அவருக்கு அடிபட்டால், சொந்த அரங்கத்தார் ஏற்பாடு செய்திருக்கும் யாரோ ஒருவரை நிறுத்த வேண்டியதுதான். பிளேக்குக்கு வேறு வழியிருக்கவில்லை. தோலின் நிறத்தில், கண்களுக்கும் வாய்க்கும் மட்டும் துளைகள் விட்ட கண்ணாடியிழைக் கவசத்தோடு பிளான்ட் திரும்பி வந்தார். மொன்ட்ரியால் 3-1 என்று வென்றது.

பள்ளி நாட்களில் இரண்டு ஆண்டுகள் புல்தரை ஹாக்கியில் கோல்கீப்பராக நின்றவன் என்பதால், இந்த நிகழ்ச்சியை என்னால் வெறும் செய்தியாகப் படிக்க முடிவதில்லை. பக் என்பது ஓர் அங்குலத் தடிமனும் மூன்று அங்குல விட்டமும் கொண்ட கெட்டியான ரப்பர் வட்டு. ஆட்டத்துக்கு முன் அதை உறையவைத்துத்தான் எடுத்து வருவார்கள். 1950களில் மட்டையைப் பின்னால் ஓங்கி வீசும் அடி பரவியபோது, வட்டு முகத்தின் உயரத்துக்கு எழும்புவது வாடிக்கையாயிற்று. பிளான்டின் அணித்தோழரான பெர்னி ஜெஃப்ரியோனே அந்த அடிக்குப் பேர்போனவர். அந்த அடிகளுக்கு எதிரே வெறும் முகத்தோடு நிற்பதைத்தான் அன்று ஆண்மை என்றார்கள். பிளேக்கின் எதிர்ப்பை வெறும் முரட்டுத்தனம் என்று தள்ளிவிடவும் முடியாது: கவசம் பார்வையை மறைக்கும், பயம் போனால் விழிப்பும் போய்விடும் என்று அவர் உண்மையாகவே நம்பினார்.

கவசம் திடீரென்று அன்று முளைத்ததல்ல. 1930இல் கிளின்ட் பெனடிக்ட் என்ற கோல்கீப்பர் தோல் கவசம் ஒன்றைச் சில ஆட்டங்களில் போட்டுப் பார்த்துவிட்டுக் கைவிட்டிருந்தார். பிளான்டும் 1956இல் சைனஸ் அறுவை சிகிச்சை முடிந்ததிலிருந்தே பயிற்சியின்போது கவசம் அணிந்துவந்தார். பின்னர் அவர் நெற்றியில் அடிபட்டதைக் கண்ட பில் பர்ச்மோர் என்ற கண்ணாடியிழை நிறுவன ஊழியர், முகத்தை அச்செடுத்து அதன்மேலேயே கவசம் செய்யலாமே என்று முன்வந்தார். 1960 மார்ச் 8 அன்று டெட்ராய்ட்டில், பிளேக் கேட்டுக்கொண்டதற்காகப் பிளான்ட் ஒருமுறை கவசத்தைக் கழற்றிவைத்து ஆடினார். அணி 0-3 என்று தோற்றது. அடுத்த ஆட்டத்தில் மீண்டும் அணிந்தார். அந்த ஆண்டு, லீகின் சாம்பியனுக்குரிய ஸ்டான்லி கோப்பைக்கான எட்டு ஆட்டங்களிலும் மொன்ட்ரியால் வென்றது. தொடர்ச்சியாக அது ஐந்தாவது கோப்பை.

இந்தக் கவசம் அவருடைய மற்றச் சாதனைகளை மறைத்துவிட்டதே என்பதுதான் என் ஆதங்கம். 1929இல் கியூபெக் மாகாணத்தில் பதினொரு பிள்ளைகளுள் மூத்தவராகப் பிறந்தவர். சிறு வயதிலேயே ஆஸ்துமா. நீண்ட நேரம் சறுக்கி ஓட மூச்சு இடம் தராததால்தான் கோலுக்கு முன் போய் நின்றார். அம்மாவிடம் பின்னல் கற்று, தன் கம்பளித் தொப்பிகளைத் தானே பின்னிக்கொண்டார். தொழில்முறை ஆட்டத்துக்கு வந்த புதிதில் அந்தத் தொப்பியோடு ஆடக்கூடாது என்று பயிற்சியாளர் டிக் இர்வின் தடுத்துவிட்டார். அதே இர்வின்தான் 1953இல், சிகாகோவிடம் மொன்ட்ரியால் 2-3 என்று தொடரில் பின்தங்கி வெளியேறும் நிலையில் இருந்தபோது, அந்தப் புதுமுகத்தை நம்பி இறக்கினார். ஆறாவது ஆட்டத்தில் பிளான்ட் ஒரு கோலும் விடவில்லை.

அவருடைய பெரிய கண்டுபிடிப்பு, கோல் கூண்டை விட்டு வெளியே வந்ததுதான் என்பேன். இளைஞர் அணியில் ஆடிய நாட்களில் அவருக்கு வாய்த்த தடுப்பாட்டக்காரர்கள் பலவீனமானவர்கள். அதனால் கூண்டுக்குப் பின்னால் ஓடும் வட்டைத் தானே சறுக்கிச் சென்று நிறுத்தி, அவர்கள் எடுத்துக்கொள்ள வசதியாக விட்டுவைக்கத் தொடங்கினார். கோல்கீப்பர் இடத்தை விட்டு நகரலாமா என்று பதறியவர்கள் உண்டு. இன்று அதைச் செய்யத் தெரியாத கோல்கீப்பரை எந்த அணியும் எடுக்காது. தொழில்முறை லீகில் கோல்கீப்பருக்குரிய வெசினா கோப்பையை அவர் ஏழு முறை பெற்றார். 1962இல் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹார்ட் கோப்பையும் கிடைத்தது. மறு ஆண்டே மொன்ட்ரியால் அவரை நியூயார்க்குக்கு மாற்றிவிட்டது. 1965இல் ஓய்வு பெற்று, 1968இல் செயின்ட் லூயிஸ் அணிக்காகத் திரும்பினார். அங்கே 1970 இறுதித் தொடரில் வட்டு கவசத்தில் மோதி நினைவிழந்தார். கவசம்தான் உயிரைக் காத்தது என்று அவரே சொன்னார். அதன் பிறகும் டொரொண்டோவில், 42 வயதில், ஆட்டத்துக்குச் சராசரியாக 1.88 கோல் மட்டுமே விட்டு லீகிலேயே முதலிடம் பிடித்தார்.

1972 செப்டம்பரில் கனடாவும் சோவியத் அணியும் மோதிய தொடரின் முதல் ஆட்டம் மொன்ட்ரியாலில் நடந்தது. ஆட்டத்துக்கு முன், மொழிபெயர்ப்பாளர் ஒருவரோடு எதிரணியின் அறைக்குள் பிளான்ட் நுழைந்தார். இருபது வயதான விளாதிஸ்லாவ் திரெத்யாக்கிடம், கனடாவின் எந்த ஆட்டக்காரர் எந்தக் கோணத்திலிருந்து எப்படி அடிப்பார் என்பதைப் பலகையில் வரைந்து காட்டினார். கனடாக்காரர் ஒருவர் ஏன் இதைச் செய்தார் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். அன்று வெள்ளமாகக் கோல் வாங்கப்போகும் பையன் என்றுதான் திரெத்யாக்கை எல்லோரும் எண்ணியிருந்தார்கள்; அந்தக் கூண்டின் தனிமை பிளான்டுக்குத் தெரியும். சோவியத் அணி அன்று 7-3 என்று வென்றது.

வயிற்றுப் புற்றுநோயால் 1986 பிப்ரவரியில் ஜெனீவாவில் அவர் காலமானார். போட்டிக்காக அப்போது ஸ்விட்சர்லாந்து வந்திருந்த கியூபெக் சிறுவர் அணி ஒன்று ஹாக்கி மட்டைகளை உயர்த்தி வளைவாகப் பிடித்துநிற்க, அதன் கீழே அவருடைய சவப்பெட்டியைக் கொண்டுசென்றார்கள்.