மஞ்சளை இன்னும் எத்தனை நாள் மூட்டையாகவே விற்பது?

ஈரோடு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் நம் விவசாயிகள் வேகவைத்து, காயவைத்து, மெருகேற்றி, மூட்டையாகத்தான் கொண்டுபோகிறார்கள். வியாபாரி ஒரு விரலியை ஒடித்து உள்நிறம் பார்த்து விலை சொல்கிறார். பொடியும் எண்ணெயும், மஞ்சளுக்கு நிறம் தரும் சத்தான குர்குமினும் இங்கேயே தயாரானால்தான் லாபம் ஊரில் தங்கும்.

பிரதமரின் குறு உணவு பதப்படுத்தும் நிறுவனங்கள் திட்டத்தில் 35 சதவீத மானியம் உண்டு; உச்சவரம்பு 10 லட்சம் ரூபாய். ஆனால் அது வங்கிக் கடனோடு இணைந்த மானியம்; முதலில் கடன் கிடைக்க வேண்டுமே!

எனக்கு அதைவிடப் பெரிய கவலை, தரப் பரிசோதனை. பூச்சிக்கொல்லி எச்சம், ஈயம் எல்லாவற்றுக்கும் வெளிநாட்டில் வாங்குவோர் அறிக்கை கேட்கிறார்கள். சிறிய அரவை ஆலை தனியாக அந்தச் செலவைத் தாங்காது. விவசாயிகளே பங்குதாரர்களாக இருக்கும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்து சந்தைக்குப் பக்கத்திலேயே பொது ஆய்வகம் கேட்க வேண்டும். இந்தப் பட்டத்து மஞ்சள் வரத்துக்கு முன்பே கேட்க வேண்டும்.