அரசு முடங்குமா என்ற கேள்விக்கு விலை வைத்த நாட்கள்

நியூயார்க்கில், நடக்கப்போகும் நிகழ்வுகளின் மேல் வியாபாரம் நடக்கும் ஒரு சந்தை நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். பெயர் வேண்டாம். "செனட் எந்தக் கட்சியின் கைக்குப் போகும்?", "அக்டோபர் 1-ஆம் தேதி அமெரிக்க அரசு முடங்குமா?" இப்படிப்பட்ட கேள்விகள்தான் எங்கள் சரக்கு. அரசு முடங்குவது என்றால், செலவுக்கு நாடாளுமன்றம் தரும் பண அனுமதி தீர்ந்து அலுவலகங்கள் மூடுவது. ஒவ்வொரு கேள்விக்கும் 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு பக்கம். அதில் வாங்கி விற்பதை ஒப்பந்தம் என்போம். 'ஆம்' 37 சென்ட்டுக்குப் போகிறது என்றால், அது நடக்க நூற்றுக்கு 37 வாய்ப்பு இருப்பதாக வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் நினைக்கிறார்கள் என்று பொருள். நடந்தால் ஒரு டாலர் கிடைக்கும். நடக்காவிட்டால் போட்ட காசு போய்விடும். எந்த நிலைமையில் 'ஆம்' என்று கணக்கு முடிப்பது, எந்த ஆவணத்தைப் பார்த்து முடிப்பது என்று விதி எழுதும் குழுவில் நான் இருக்கிறேன்.

இந்த வேலையே புதிது. அயோவா பல்கலைக்கழகம் 1988 முதல் ஆய்வுக்காகச் சிறிய அளவில் தேர்தல் சந்தை நடத்தி வருகிறது. அதில் ஒருவர் 500 டாலருக்கு மேல் போட முடியாது. 2014-இல் நியூசிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் பெயரில் பிரெடிக்ட்இட் என்ற சந்தை வந்தது. அங்கும் ஒரு ஒப்பந்தத்துக்கு 850 டாலர்தான் அப்போது வரம்பாக இருந்தது. அதற்கு மேல் பெரிய அளவில் நடத்த, வருங்கால விலையை இன்றே பேசி முடிக்கும் 'எதிர்காலச் சந்தை'களை மேற்பார்க்கும் அமெரிக்காவின் சி.எஃப்.டி.சி. ஆணையம் இடம் கொடுக்கவில்லை. நாடாளுமன்றம் யார் கையில் என்ற ஒப்பந்தத்தை விற்கக் கால்ஷி நிறுவனம் அனுமதி கேட்டபோது, 2023 செப்டம்பரில் ஆணையம் மறுத்தது. கால்ஷி வழக்குப் போட்டு 2024 செப்டம்பரில் வென்றது. அடுத்த மாதமே மேல்முறையீட்டு நீதிமன்றமும் அந்தத் தீர்ப்புக்குத் தடை விதிக்க மறுத்தது. என்னைப் போன்றவர்களுக்கு இந்தத் துறையில் கதவு திறந்தது அதற்குப் பிறகுதான்.

தேர்தல் ஒப்பந்தம் எழுதுவது சுலபம் என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். யார் ஜெயித்தார் என்று பார்த்தால் போதாதா? போதாது. 1930 நவம்பர் தேர்தலில் குடியரசுக் கட்சி பிரதிநிதிகள் சபையில் நூலிழையில் முந்தியது. அந்தக் காலத்தில் புதிய சபை கூடப் பதின்மூன்று மாதம் ஆகும். அதற்குள் சபாநாயகர் நிக்கோலஸ் லாங்வொர்த் உட்படப் பல உறுப்பினர்கள் இறந்துபோனார்கள். இடைத்தேர்தல்கள் நடந்தன. 1931 டிசம்பரில் சபை கூடியபோது பெரும்பான்மை ஜனநாயகக் கட்சியிடம் இருந்தது. ஜான் நான்ஸ் கார்னர் சபாநாயகரானார். 2001-இல் இன்னொரு வகை. வெர்மான்ட் செனட்டர் ஜிம் ஜெஃபோர்ட்ஸ் குடியரசுக் கட்சியை விட்டு வெளியேறி ஜனநாயகக் கட்சியினரோடு உட்கார்ந்தார். ஒரு தேர்தலும் இல்லாமல் செனட் கை மாறியது. 2021 ஜனவரியில் ஜார்ஜியாவின் இரண்டு மறுதேர்தல்கள் முடிந்தபோது 50-க்கு 50. துணை ஜனாதிபதியின் வாக்குதான் பெரும்பான்மையைத் தீர்மானித்தது.

இவற்றையெல்லாம் மேசையில் பரப்பி வைத்துக்கொண்டுதான் விதி எழுதுவோம். பிரதிநிதிகள் சபை என்றால், குறிப்பிட்ட ஒரு தேதியில் சபாநாயகர் எந்தக் கட்சி என்று பார்ப்பது பெரும்பாலும் சரியாக வரும். அப்படிச் செய்தால் எண்ணிக்கை இழுபறி, மரணம், கட்சித் தாவல் எல்லாம் அந்த ஒரு பதிலுக்குள் அடங்கிவிடும். இந்த வேலையை நான் மனம் ஒப்பிச் செய்கிறேன். பத்துக் கோடிப் பேருக்கு மேல் வாக்களிக்கும் தேர்தலை, பந்தயம் போட்ட ஒருவர் நினைத்து மாற்றிவிட முடியாது. 2022-இல் தேர்தலுக்கு முந்தைய நாள் வரை சந்தை விலைகள் செனட் குடியரசுக் கட்சிக்கே என்ற பக்கம் சாய்ந்திருந்தன. மக்கள் வேறு மாதிரி வாக்களித்தார்கள். விலை தோற்றது, நடைமுறை நின்றது. அது எனக்குச் சரியாகப் படுகிறது.

அரசு முடக்கம் என்பது வேறு சங்கதி.

அமெரிக்காவில் நிதியாண்டு அக்டோபர் 1-இல் தொடங்குகிறது. அதற்குள் பன்னிரண்டு செலவு மசோதாக்கள் நிறைவேற வேண்டும், அல்லது தற்காலிக நீட்டிப்பு ஒன்றாவது வேண்டும். முன்பெல்லாம் இடையில் பண அனுமதி தீர்ந்தாலும் அலுவலகங்கள் ஓடிக்கொண்டிருந்தன. 1980-இல் அட்டர்னி ஜெனரல் பெஞ்சமின் சிவிலெட்டி, 1884-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றைக் காட்டி, அனுமதி இல்லாத பணத்தில் வேலை நடக்கக் கூடாது என்று கருத்து எழுதினார். மறு ஆண்டு உயிர், உடைமைப் பாதுகாப்புக்கு மட்டும் விலக்கு என்று அதை விளக்கினார். இன்று நாம் பார்க்கும் முடக்கம் அங்கிருந்து வந்ததுதான். 2013-இல் 16 நாள், 2018 டிசம்பர் முதல் 2019 ஜனவரி வரை 35 நாள், 2025-இல் 43 நாள்.

இதில் முடிவு எத்தனை பேர் கையில் இருக்கிறது என்று பாருங்கள். 2018 பிப்ரவரி 8-ஆம் தேதி இரவு, மசோதாவுக்கு வேண்டிய ஆதரவு இருந்தும், கென்டக்கி செனட்டர் ராண்ட் பால் ஒருவர், வாக்கெடுப்பை உடனே நடத்த ஒப்புக்கொள்ளாததால் அது தள்ளிப்போனது. நள்ளிரவு தாண்டியது, பண அனுமதி தீர்ந்தது, காலையில் ஜனாதிபதி கையெழுத்திட்டார். அவர் கடன் சுமையை எதிர்த்துத்தான் அப்படிச் செய்தார். பந்தயத்துக்கும் அவருக்கும் சம்பந்தமே கிடையாது. ஆனால் நான் விதி எழுதும் கண்ணோடு அந்த இரவைப் படிக்கும்போது, நூறு பேர் இருக்கும் அவையில் ஒருவரின் பிடிவாதம் ஒரு ஒப்பந்தத்தை 'இல்லை'யிலிருந்து 'ஆம்' என்று ஆக்கிவிட முடியும் என்பதுதான் தெரிகிறது. 2025 நவம்பரில் முடக்கம் முடிந்ததும் அப்படித்தான். செனட்டில் 60 வாக்கு வேண்டும். ஜனநாயகக் கட்சிப் பக்கத்திலிருந்து எட்டுப் பேர் ஆதரவாக வாக்களித்ததும் கணக்கு 60-க்கு 40 என்று வந்தது. எத்தனை நாள் நீடிக்கும் என்ற ஒப்பந்தத்துக்கு விடை அந்த எட்டுப் பேரிடமும் அவர்களோடு பேசிக்கொண்டிருந்த உதவியாளர்களிடமும் இருந்தது.

உள்தகவலை வைத்து வியாபாரம் செய்ய நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் அவர்களின் அலுவலக ஊழியர்களுக்கும் தடை இருக்கிறது. 2010-ஆம் ஆண்டுச் சட்டமும் 2012-ஆம் ஆண்டுச் சட்டமும் அதைச் சொல்கின்றன. ஆனால் கணக்குத் திறக்கும்போது ஒருவர் தன் வேலை என்ன என்று சொல்வதைத்தான் சந்தை முதலில் நம்ப வேண்டியிருக்கிறது. உதவியாளரின் அறைத்தோழர், உதவியாளரின் அண்ணன் என்று போனால் எந்தப் படிவமும் பிடிக்காது.

விதியிலும் சிக்கல் உண்டு. 2024 டிசம்பரில் செனட் நள்ளிரவு தாண்டிச் சற்று நேரம் கழித்துத்தான் மசோதாவை நிறைவேற்றியது. கண்டிப்பாகப் பார்த்தால் அனுமதி தீர்ந்துவிட்டது. ஆனால் ஒரு அலுவலகமும் மூடவில்லை, முடக்க ஏற்பாடுகளை வெள்ளை மாளிகை நிறுத்திவிட்டது. இதை 'ஆம்' என்பதா, 'இல்லை' என்பதா? மத்திய அரசின் பணியாளர் நிர்வாக அலுவலகம் முடக்கம் என்று அறிவித்ததா என்று பார்ப்பதுதான் நியாயம் என்று நான் வாதிட்டேன். கடிகாரம் காட்டும் நேரத்தைவிட, வீட்டுக்குப் போகச் சொல்லப்பட்ட ஊழியர்தான் இங்கே முக்கியம்.

2025 இலையுதிர்காலத்தில் வேறொரு தலைவலியும் சேர்ந்தது. தொழிலாளர் புள்ளிவிவரத் துறையும் முடங்கியதால் செப்டம்பர் வேலைவாய்ப்பு அறிக்கை நவம்பர் 20 வரை தள்ளிப்போனது. அக்டோபர் மாத விலைவாசிக் குறியீடு வெளிவரவே இல்லை. அந்த எண்களை வைத்து முடிக்க வேண்டிய ஒப்பந்தங்கள் எல்லாம் தொங்கின. எங்களை மேற்பார்க்க வேண்டிய சி.எஃப்.டி.சி.யிலேயே பெரும்பாலான ஊழியர்கள் கட்டாய விடுப்பில் வீட்டில் இருந்தார்கள். சந்தை மட்டும் இரவு பகலாகத் திறந்திருந்தது. கண்காணிக்கிறவர் வீட்டில் இருக்கும் நேரத்திலேயே வியாபாரம் உச்சத்துக்குப் போகும் ஒரு சரக்கை விற்பது சரியான ஏற்பாடு என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

என் மனைவியின் தம்பி வர்ஜீனியாவில் ஆஷ்பர்னில் இருக்கிறான். அரசுத் துறை ஒன்றுக்கு மென்பொருள் வேலை செய்யும் ஒப்பந்தக் கம்பெனியில் வேலை. செப்டம்பர் கடைசியில் தினமும் போன் செய்வான்.

"மாமா, இன்னைக்கு எவ்வளவு போகுது?"

"அறுபதைத் தாண்டிடுச்சுப்பா."

"அப்ப வரும்னு வச்சுக்கலாம், இல்ல?"

அவனுக்கு அந்த எண் பயன்பட்டது என்பதை மறைக்க மாட்டேன். கார் கடனைத் தள்ளிப்போட முடியுமா என்று வங்கியில் முன்கூட்டியே பேசி வைத்தான். 2019-இல் வந்த சட்டப்படி மத்திய அரசு ஊழியர்களுக்கு முடக்க நாட்களின் சம்பளம் பின்னால் கிடைத்துவிடும். ஒப்பந்தக் கம்பெனி ஆட்களுக்கு அந்தச் சட்டம் எதுவும் தரவில்லை. தொலைக்காட்சியில் பேசுகிறவர்கள் ஆளுக்கு ஒன்று சொல்லும் நேரத்தில், காசைப் போட்டவர்கள் சேர்ந்து சொல்லும் ஒரு எண் அவனைப் போன்றவர்களுக்கு நிஜமாகவே உதவும்.

அப்புறம் அவன் கேட்டான், "நானே 'ஆம்' வாங்கி வச்சா சம்பளம் போனாலும் ஈடு கட்டிடலாமே மாமா?" சந்தைக்காரர்கள் வழக்கமாகச் சொல்லும் வாதம் இது. உட்கார்ந்து கணக்குப் போட்டோம். இரண்டு வாரச் சம்பளம் 4,000 டாலர் என்று வைத்துக்கொள்ளலாம். 60 சென்ட்டுக்கு வாங்கினால் ஒன்றுக்கு 40 சென்ட்தான் லாபம். 4,000 டாலர் ஈடாக வேண்டுமானால் 10,000 ஒப்பந்தம், அதாவது 6,000 டாலர் முதல் போட வேண்டும். கடைசி நேரத்தில் சமரசம் வந்துவிட்டால் அந்த ஆறாயிரமும் போய்விடும். வெள்ளம் வாசலுக்கு வந்த பிறகு காப்பீடு கேட்பது போலத்தான். 10 சென்ட்டாக இருந்த காலத்தில் வாங்கியிருந்தால் 445 டாலரில் முடிந்திருக்கும். ஆனால் அப்போது யாரும் முடக்கத்தைப் பற்றி நினைப்பதில்லை, வாங்க நினைத்தாலும் அந்த அளவுக்கு விற்க ஆளிருக்க மாட்டார்கள். தவிர, முடக்கம் மூன்று நாளில் முடிந்தாலும் 43 நாள் நீண்டாலும் இந்த ஒப்பந்தம் தருவது அதே டாலர்தான். வாங்க வேண்டாம் என்று சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டான்.

நவம்பர் 1 முதல் உணவு உதவித் திட்டப் பணம் நின்றபோது, நாட்டில் சுமார் 4 கோடியே 20 லட்சம் பேர் அந்த உதவியில் இருந்தார்கள். அந்த வாரம் 'இன்னும் பத்து நாள் நீளும்' என்ற பக்கம் வாங்கியவர்களுக்கு நல்ல லாபம். அவர்கள் கெட்டவர்கள் என்று சொல்ல எனக்கு உரிமை கிடையாது. ஆனால் அடுத்த வேளைச் சாப்பாடு எப்போது என்று காத்திருக்கும் குடும்பத்துக்கு ஆகும் ஒவ்வொரு நாளையும் லாபமாக மாற்றித் தரும் விதியை என் கையால் எழுத எனக்குப் பிடிக்கவில்லை.

டிசம்பரில் மேலதிகாரிகளுக்கு ஒரு குறிப்பு எழுதினேன். சில டஜன் பேர் முடிவு செய்யக்கூடிய எதையும் ஒப்பந்தமாக்க வேண்டாம். விற்றே தீர வேண்டும் என்றால் ஒருவருக்கான உச்சவரம்பைப் பழைய பல்கலைக்கழகச் சந்தைகளின் அளவுக்குக் குறைக்கலாம். கெடு தேதிக்கு ஒரு வாரம் முன்பே வியாபாரத்தை நிறுத்தலாம். எத்தனை நாள் நீடிக்கும் என்ற வகையை அடியோடு விட்டுவிடலாம். என் மேலாளர் பொறுமையாகப் படித்தார். உச்சவரம்பைப் பற்றிப் பேசலாம் என்றார். மற்றவற்றுக்கு, "நாம விற்கலேன்னா பக்கத்துச் சந்தை விற்கும்" என்றார். அது உண்மைதான். அப்படியானால் இந்த வரம்பு எல்லாச் சந்தைக்கும் சேர்த்து ஆணையத்திடமிருந்து வர வேண்டும் என்பது என் பதில். அதற்கான கடித வரைவில் இப்போது வேலை நடக்கிறது. 2026 நவம்பர் தேர்தலுக்கான பிரதிநிதிகள் சபை ஒப்பந்தமும் என் மேசைக்கு வந்துவிட்டது. சபாநாயகரை எந்தத் தேதியில் பார்ப்பது என்பதில்தான் இன்னும் விவாதம்.