62ஆவது கிலோமீட்டருக்கு வராத பை

"தாமாக விலகினார்" என்று என் பெயருக்கு எதிரே பந்தய ஏற்பாட்டாளர்கள் எழுதி வைத்திருந்த இரண்டு சொற்களை மாற்றுவதற்கு எனக்குப் பதினோரு வாரங்கள் பிடித்தன. வெளிநாட்டு மலைப்பகுதியில் நடக்கும் அந்தப் புகழ்பெற்ற 100 கிலோமீட்டர் ஓட்டத்தின் பெயரை நான் இங்கே சொல்லப்போவதில்லை. நடந்ததை மட்டும், அடுத்து இப்படிப்பட்ட பந்தயத்துக்குப் புறப்படும் நம்மூர் ஓட்டக்காரர்களுக்காக எழுதுகிறேன்.

குலுக்கலில் இடம் கிடைத்தது. 163 மீட்டர் உயரமே உள்ள, சிங்கப்பூரின் புக்கிட் தீமா குன்றில் எட்டு மாதங்கள் வாராவாரம் ஏறி இறங்கிப் பயிற்சி செய்தேன். முதல் சிக்கல் மருத்துவச் சான்றிதழில் வந்தது. மருத்துவரின் பதிவு எண் முத்திரையில் தெளிவாக இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஈசூனில் உள்ள மருந்தகத்துக்கு மறுபடியும் போய், வரிசையில் காத்திருந்து, எண்ணைக் கையாலும் எழுதி வாங்கி வந்தேன். நீங்கள் முதல் தடவையே எழுதி வாங்கிவிடுங்கள்.

இந்தக் கண்டிப்பின் மீது எனக்குக் குறையில்லை. 1921இல் தொடங்கிய தென்னாப்பிரிக்காவின் கம்ரேட்ஸ் ஓட்டத்தில் 12 மணி நேரம் முடிந்ததும் துப்பாக்கி வெடிக்கும். ஒரு விநாடி பிந்தியவருக்கும் பதக்கம் கிடையாது. அந்த விதியை எல்லாரும் முன்கூட்டியே அறிந்திருப்பதால், அங்கே தோற்றவர்கள்கூட அடுத்த ஆண்டு திரும்பிப் போகிறார்கள். எங்களிடம் ஒவ்வொரு எழுத்தையும் சரிபார்த்தவர்கள் தங்கள் பொறுப்பையும் அப்படிச் சரிபார்த்திருந்தால் நான் இதை எழுத வேண்டியிருந்திருக்காது.

பந்தய நாளில் மழை பெய்தது. முதல் 62 கிலோமீட்டரை நினைத்த நேரத்தில் முடித்து, இரவு 7.10 மணிக்குச் சோதனை நிலையத்துக்குள் நுழைந்தேன். கட்-ஆஃப், அதாவது அந்த நிலையத்தைக் கடந்துவிட வேண்டிய கடைசி நேரம், 8 மணி. அங்கிருந்து இரவுப் பகுதிக்குள் செல்ல வேண்டுமானால் இரண்டாவது தலைவிளக்கு, மாற்றுப் பேட்டரி, குளிர் தாங்கும் உடை ஆகியவற்றைக் காட்ட வேண்டும். இவற்றை ட்ராப் பேக்கில், அதாவது வழியில் எடுத்துக்கொள்வதற்காக ஏற்பாட்டாளர்களிடம் முன்கூட்டியே கொடுத்துவிடும் பையில், வைத்து 62ஆவது கிலோமீட்டருக்கு அனுப்பலாம் என்று அவர்களுடைய கையேடே சொல்லியிருந்ததால், எங்களில் பலரும் அப்படித்தான் அனுப்பியிருந்தோம். பைகளை ஏற்றிய லாரி வந்து சேரவில்லை.

தரையில் விரித்திருந்த நீலத் தார்ப்பாயில் மழைநீர் மட்டுமே தேங்கி நின்றது. பிளாஸ்டிக் உறைக்குள் நனைந்துபோன பட்டியலை வைத்துக்கொண்டிருந்த இளம் தொண்டூழியர், பொருள்கள் இல்லாமல் அனுப்ப முடியாது என்றார். அவர் சொன்னது சரி. 2021 மே மாதம் சீனாவின் கான்சு மாநிலத்தில் நடந்த 100 கிலோமீட்டர் மலை ஓட்டத்தில், திடீரென்று வந்த ஆலங்கட்டி மழையிலும் கடுங்குளிரிலும் 21 பேர் இறந்தார்கள்; அங்கே காற்றுத் தடுப்பு மேலுடை கட்டாயமாக்கப்படவில்லை. அதை அறிந்த எவரும் அந்தத் தொண்டூழியரிடம் வாதாட மாட்டார்கள். லாரி தாமதமான அளவுக்குக் கட்-ஆஃப் நேரத்தைத் தள்ளி வையுங்கள் என்பது மட்டுமே எங்கள் கோரிக்கை. மேற்பார்வையாளர் இரண்டு முறை தொலைபேசியில் பேசிவிட்டு, தலைமையகத்திலிருந்து உத்தரவு வரவில்லை என்று கைவிரித்துவிட்டார். 8 மணிக்குக் கத்தரிக்கோலால் என் கணுக்காலில் இருந்த, நேரத்தைப் பதியும் சிப்பை வெட்டி எடுத்தார்கள். லாரி வந்தபோது மணி 8.25.

என்னோடு தெம்பனிசிலிருந்து வந்திருந்த அண்ணன் ஒருவர், இருபது ஆண்டுகளாக ஓடுபவர், அப்போது சொன்னதுதான் பின்னால் என்னைக் காப்பாற்றியது: "தம்பி, கத்தாதே. முதல்ல அந்தக் கடிகாரத்தையும் காலித் தார்ப்பாயையும் ஒண்ணாப் படம் எடு." எடுத்தேன். லாரி வந்து நின்றபோதும் கடிகாரத்தோடு சேர்த்து இன்னொரு படம் எடுத்தேன். பிறகு கைக்கு வந்த என் பையின் முடிச்சு அவிழ்க்கப்படாமலே இருந்தது. உள்ளே விளக்கும் கம்பளிச் சட்டையும் ஈரம் படாமல் இருந்தன.

ஊர் திரும்பியபின் பார்த்தால், தாமாக விலகினார் என்ற பதிவு. மூன்று மின்னஞ்சல்களுக்கும் சொல் மாறாமல் ஒரே பதில் வந்தது. அந்த நிலையத்தில் நான் இருந்ததற்கு ஆதாரம் கேட்டார்கள். அவர்களுடைய சிப் பதிவிலேயே 7.10 என்று இருந்தது. இதற்கிடையில் இணையத்தில் இருந்த கையேட்டின் அந்தப் பக்கமும் மாறிவிட்டது. இரவுப் பொருள்களைத் தொடக்கத்திலிருந்தே சுமக்க வேண்டும் என்று புதிய வரி முளைத்திருந்தது. அதைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நல்ல வேளையாக, புறப்படுவதற்கு முன்பே பழைய கையேட்டைத் தரவிறக்கி வைத்திருந்தேன். பதிவு செய்த அன்றே கையேட்டைச் சேமித்து வையுங்கள் என்று இதனால்தான் வற்புறுத்துகிறேன்.

நான்காவது மின்னஞ்சலில் விளக்கம் எதுவும் எழுதவில்லை. பழைய கையேட்டுப் பக்கம், அவர்களுடைய சிப் பதிவு, இரண்டு படங்கள், ஒப்புதல் தந்த ஆறு ஓட்டக்காரர்களின் பிப் எண்கள் (சட்டையில் குத்திக்கொள்ளும் பந்தய எண்கள்) ஆகிய அனைத்தையும் ஒரே தாளில் சேர்த்து அனுப்பினேன். ஒன்பது நாள்களில், "ஏற்பாட்டாளர்களால் நிறுத்தப்பட்டார்" என்று பதிவு மாறியது. மன்னிப்பு என்ற சொல் அந்தப் பதிலில் இல்லை. கட்டணத்தில் ஒரு வெள்ளிகூடத் திரும்பி வரவில்லை. பயணக் காப்புறுதியிலும் பந்தயங்களுக்கு விலக்கு இருப்பது அப்போதுதான் தெரிந்தது. நீங்கள் வாங்குவதற்கு முன்பே அந்தப் பகுதியைப் படித்துவிடுங்கள். இரவுப் பொருள்களை எந்தக் கையேடு என்ன சொன்னாலும் முதுகிலேயே சுமந்து செல்லுங்கள். கூடும் எடை அரைக் கிலோவுக்கும் குறைவு.

அந்த ஆறு பேரில் நால்வரின் பதிவு இதுவரை திருத்தப்பட்டுள்ளது. மீதி இருவருக்கான தாளை இந்த வாரம் அண்ணனும் நானும் சேர்ந்து தயாரிக்கிறோம். அன்று அந்தத் தார்ப்பாய் அருகே நின்ற வேறு எவரேனும் இதைப் படித்தால், அந்த இரண்டு படங்களையும் தயங்காமல் என்னிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.