படத்தின் ஓரத்தில் ஒரு முழங்கை

வாட்ஸ்அப்பில் காலையிலிருந்து ஒரே அமளி. உயர்நிலைப் பள்ளி ஒன்றுகூடலாம், சிங்கப்பூர் தேக்காவில் பிரியாணியாம்.

ஒருத்தி வகுப்புப் படத்தைப் போட்டிருந்தாள். வலது ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட ஒரு முழங்கை, அதில் அழுக்குப் பிளாஸ்திரி. வேடிக்கை பார்க்க வந்து நின்றவனுடையது.

தினமும் கேண்டீனில் என்னோடு மீ கோரெங்கைப் பங்கு போட்டவன். மதிப்பெண் பார்த்துப் பள்ளியில் பிரித்த பிரிவுகளில் நாங்கள் மேலே இருந்த எக்ஸ்பிரஸ், அவன் கீழே இருந்த நார்மல் டெக்னிக்கல்.

குழுவில் அவனை யாரும் சேர்க்கவில்லை. கெட்ட எண்ணம் இல்லை, ஞாபகமே வந்திருக்காது. அதுதான் உறுத்துகிறது.

2024இல் உயர்நிலை முதலாம் ஆண்டில் சேர்ந்த பிள்ளைகளுக்கு அந்தப் பிரிவுகளே கிடையாது. நல்லது. நாற்பதைத் தாண்டிய நாங்கள்தான் இன்னும் பிரிந்து உட்கார்ந்திருக்கிறோம்.

சரி என்று அவனை அழைத்து விஷயத்தைச் சொன்னேன்.

"வரேன்டா. பிரியாணி யார் காசு?" என்றான்.