வெப்பி ஓட்டையும் எங்கள் சர்வரில் இருந்த நகல்களும்

2023 செப்டம்பர் 12 காலை. அலுவலகத்தில் எல்லாரும் குரோமை அப்டேட் செய்துகொண்டிருந்தோம். முதல் நாள்தான் கூகுள் அதை அவசரமாக வெளியிட்டிருந்தது. வெப்பி (WebP) என்ற கோப்பு வகைப் படங்களைப் படிக்கும் இடத்தில் மெமரி எல்லை மீறுகிறது, இதை வைத்து ஏற்கெனவே தாக்குதல் நடக்கிறது என்று சுருக்கமாகச் சொல்லியிருந்தார்கள். பிரௌசர் சமாசாரம்தானே என்று நானும் அப்டேட் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போனேன்.

மதியம் அந்தக் குறிப்பை மறுபடி படித்தபோதுதான் உறைத்தது. இந்தப் பாதுகாப்பு ஓட்டையைச் சொன்னவர்கள் ஆப்பிளின் பாதுகாப்புக் குழுவும் டொராண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேபும். அதே சிட்டிசன் லேப்தான் செப்டம்பர் 7 அன்று, வாஷிங்டனில் இருக்கும் ஒரு குடிமைச் சமூக அமைப்பின் ஊழியரது ஐபோனுக்குள் பெகாசஸ் உளவு மென்பொருளை இறக்கப் பயன்பட்ட வழியை வெளியிட்டது. அவர் எதையும் தொடவே தேவையில்லை. ஆப்பிளின் செய்திச் செயலியான ஐமெசேஜில் படங்கள் வந்தால் போதும். எங்கள் வேலையோ, முன்பின் தெரியாதவர்கள் ஏற்றும் போட்டோக்களை வாங்கி ஆல்பமாக அச்சிட்டுத் தருவது. நாள் முழுக்க யார் யாரோ அனுப்பும் படங்களை எங்கள் சர்வர்கள் பிரித்துப் படித்துக்கொண்டே இருக்கும்.

கோளாறு குரோமில் இல்லை, அதற்குள் இருக்கும் லிப்வெப்பி என்ற லைப்ரரியில், அதாவது பல புரோகிராம்கள் எடுத்துப் பயன்படுத்தும் பொதுவான நிரல் தொகுப்பில். தரம் குறையாமல் சுருக்கும் வெப்பி வகை, ஹஃப்மன் குறியீட்டைப் பயன்படுத்துகிறது. அடிக்கடி வரும் மதிப்புக்குச் சின்னக் குறியீடு, அபூர்வமாக வருவதற்கு நீளமானது. எந்தக் குறியீடு எவ்வளவு நீளம் என்பதைப் படக் கோப்பே சொல்லும். படத்தைப் பிரித்துப் படிக்கும் டீகோடர் அதை வைத்து ஓர் அட்டவணை கட்டும். அந்த அட்டவணைக்கு அதிகபட்சம் எவ்வளவு இடம் வேண்டும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு, அந்த அளவுக்கு மட்டும் மெமரி ஒதுக்கியிருந்தார்கள். கணக்கு சரிதான், ஒழுங்கான குறியீடு வரும்வரை. வேண்டுமென்றே கோணலாகச் செய்த குறியீடு வந்தால், அது தப்பு என்று தெரிவதற்குள் எழுத்து ஒதுக்கிய இடத்தைத் தாண்டிவிடும். 1.3.2 பதிப்பில் முதலில் எவ்வளவு இடம் தேவை என்று எண்ணிப் பார்த்து, அதற்கேற்ப இடம் எடுத்து, பிறகு எழுதும்படி மாற்றினார்கள்.

சர்வர்களில் ஓடும் லினக்ஸ் இயங்குதளமான உபுண்டுவின் பாதுகாப்பு அப்டேட்டைப் போட்டோம். உடனே ஒரு குழப்பம். லிப்வெப்பியின் பதிப்பு எண் இன்னும் 1.2.2 என்றே காட்டியது. உபுண்டு பழைய பதிப்பிலேயே திருத்தத்தை மட்டும் சேர்த்துத் தரும். கடைசியில் ஒட்டியிருக்கும் அவர்களுடைய எண்ணைத்தான் பார்க்க வேண்டும். அப்புறம், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த புரோகிராம்கள் பழைய லைப்ரரியையே மெமரியில் பிடித்து வைத்திருந்தன. எல்லாவற்றையும் நிறுத்தி மறுபடி ஓடவிட்டோம்.

"அவ்வளவுதானே, முடிஞ்சுதா?" என்று எங்கள் மேலாளர் கேட்டார். "இல்லை சார், பைத்தான் பக்கம் இன்னும் பார்க்கலை" என்றேன்.

உண்மையான வேலை அங்கேதான் இருந்தது. எங்கள் புரோகிராம்கள் பைத்தான் மொழியில் எழுதியவை. அவற்றில் படங்களைப் பிரிக்கப் பயன்படுத்தும் பில்லோ என்ற பைத்தான் லைப்ரரி, சர்வரின் லிப்வெப்பியைத் தொடுவதே இல்லை. பைத்தான் லைப்ரரிகளை நிறுவும் கருவியான பிப் வழியாக நிறுவும்போது தனக்கென்று ஒரு லிப்வெப்பியைக் கையோடு கொண்டுவந்துவிடும். அதன் பதிப்பை பில்லோவிடமே கேட்கலாம், கேட்டோம், பழையதுதான். நாங்கள் மாங்கு மாங்கென்று செய்த உபுண்டு அப்டேட் இதன் பக்கமே வரவில்லை. செப்டம்பர் 15 அன்று பில்லோ 10.0.1 வந்தது, உடனே மாற்றினோம். முகத்தைத் தேடிப் படத்தை வெட்டும் ஓபன்சிவி என்ற லைப்ரரிக்குள் லிப்வெப்பியின் இன்னொரு நகல். வடிவமைப்பாளர்களின் மேசைக் கணினிகளில், எலக்ட்ரானில் (குரோமின் உள்பகுதியைக் கொண்டு செயலி செய்யும் கருவி) கட்டிய அரட்டைச் செயலிகளுக்குள் ஆளுக்கொரு நகல். வாடிக்கையாளர்கள் படம் அனுப்புவதும் அங்கேதான்.

ஓபன்சிவியின் திருத்தம் அப்போது வந்திருக்கவில்லை. அதுவரை வெப்பியை வாசலிலேயே நிறுத்தினோம். கோப்பின் பெயரைப் பார்த்து நிறுத்த முடியாது. ஜேபெக் என்று பெயர் மாற்றி அனுப்பினாலும் டீகோடர் உள்ளடக்கத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்கும். அதனால் முதல் 12 பைட்டுகளைப் படித்துப் பார்க்கும் சின்ன சோதனை ஒன்றை எழுதினேன். பில்லோவிடமும் ஜேபெக், பிஎன்ஜி இரண்டை மட்டும் திற என்று பட்டியலாகவே கொடுத்தோம். டிஃப் (TIFF) வகைப் படங்களையும் நிறுத்தச் சொன்னது குழுவில் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதமே ஆன தம்பி. டிஃப் கோப்புக்குள் வெப்பி முறையில் சுருக்கிய தரவை வைக்க முடியும் என்று அவர்தான் படித்துச் சொன்னார். எனக்கு அது தோன்றவே இல்லை.

செப்டம்பர் கடைசி வாரத்தில் லிப்வெப்பிக்கென்றே இன்னோர் ஓட்டை எண் (ஒவ்வொரு பாதுகாப்பு ஓட்டைக்கும் தரும் பொது அடையாள எண்), 10-க்கு 10 தீவிர மதிப்பெண்ணோடு வந்தது. புதிதாக ஒன்று வந்துவிட்டதோ என்று மறுபடி முதலிலிருந்து தேடினோம். இரண்டே நாளில், முன்பு சொன்னதும் இதுவும் ஒன்றுதான் என்று அந்த எண்ணைத் திரும்பப் பெற்றார்கள். ஆனாலும் அந்தத் தேடலில், மாதம் ஒருமுறை மட்டும் ஓடும் பழைய கண்டெய்னர் (புரோகிராமையும் அதற்கு வேண்டிய லைப்ரரிகளையும் சேர்த்துக் கட்டிய பொதி) ஒன்றில் பழைய பில்லோ அகப்பட்டது.

ஓபன்சிவி 4.8.1 வந்த பிறகு வெப்பியைத் திறந்துவிட்டோம். டிஃப்பை இன்னும் திறக்கவில்லை. கேட்பவர்கள் மிகக் குறைவு. அவர்களுக்குத் தனிக் கணினி ஒன்றில் ஜேபெக்காக மாற்றித் தருகிறோம்.