பார்க் வாசல்ல இருந்து ஊஞ்சல் வரைக்கும்: எங்க ஏரியா பார்க்ல வீல்சேர் குழந்தைங்க விளையாட இடம் வாங்கின அனுபவம்

என் பையனுக்கு 9 வயசு. மூளை முடக்குவாதம், உட்கார வச்சா முதுகு நிக்காது, பெல்ட் போட்ட வீல்சேர்ல தான் எல்லாமே. எங்க வீட்ல இருந்து மூணாவது தெருவுல மாநகராட்சி பார்க் இருக்கு, சாயங்காலம் 5 மணி ஆச்சுன்னா அங்க பசங்க போடற சத்தம் எங்க மொட்டைமாடி வரைக்கும் கேக்கும், இவன் கழுத்தை அந்தப் பக்கமே திருப்பி வச்சுட்டு இருப்பான். கூட்டிட்டுப் போகாம இல்ல, போவோம். ஆனா வாசல்ல பைக் உள்ள வரக்கூடாதுன்னு இரும்புப் பைப்பை வளைச்சுப் போட்டு வச்சிருக்காங்க, ஆளுங்களே ஒருக்களிச்சுத்தான் நுழையணும். நான் பையனைத் தூக்கிக்கணும், அவங்கப்பா வீல்சேரை மடக்கி மேல தூக்கி அந்தப் பக்கம் இறக்கணும். அவர் வேலையில இருந்து வர லேட்டானா அன்னிக்குப் பார்க் கிடையாது. உள்ள போனாலும் மணல், சக்கரம் புதைஞ்சுடும், அதனால நடைபாதை ஓரமா நின்னு மத்த பசங்க விளையாடுறதைப் பாத்துட்டு வருவோம்.

2023 தொடக்கத்துல ஒரு வீடியோ பாத்தேன், வீல்சேரோடவே ஏத்தி ஆட்டுற ஊஞ்சல். அன்னிக்கு ராத்திரியே மனு எழுதி மறுநாள் கவுன்சிலர்கிட்ட கொடுத்தேன். அவங்க படிச்சுப் பாத்துட்டு, "இதை என்கிட்ட கொடுத்தா என் மேஜையில தான்மா இருக்கும், ஏரியா சபாவுல வந்து பேசுங்க, மினிட்ஸ்ல, அதாவது கூட்டக் குறிப்புல ஏறினா தான் ஆபீஸ்ல கேள்வி கேக்க முடியும்"னு சொன்னாங்க. அது எவ்ளோ சரின்னு போகப் போகத்தான் தெரிஞ்சுது.

ஏரியா சபா பத்தித் தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். கிராமத்துல கிராம சபை மாதிரி நகரத்துக்கு இது. 2022-ல விதிகள் வந்துச்சு, அந்த வருஷம் நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தன்னிக்கு முதல் தடவை நடத்துனாங்க. ஒரு வார்டைப் பல பகுதியா பிரிச்சு, அந்தப் பகுதி வாக்காளர் பட்டியல்ல பேர் இருக்கிறவங்க யார் வேணா வந்து பேசலாம். ரோடு, சாக்கடை, தெருவிளக்கு மட்டும் இல்ல, பார்க்ல என்ன வேணும்னும் கேக்கலாம். நம்மள்ல பாதிப் பேருக்கு இப்படி ஒண்ணு நடக்குறதே தெரியாது.

நான் பேசப் போன ஏரியா சபாவுக்கு ஒரு 40 பேர் வந்திருந்தாங்க, பெரும்பாலும் காலையில வாக்கிங் போறவங்க. ஓப்பன் ஜிம் வேணும், நடைபாதையை அகலமாக்கணும், இதுதான் பேச்சு. நான் எந்திரிச்சு ஊஞ்சலைப் பத்திச் சொன்னேன். எல்லாரும் அமைதியாத்தான் கேட்டாங்க, ஒரு பெரியவர் மட்டும் கோபமே இல்லாம, "ஒரு குழந்தைக்காக இவ்ளோ செலவு பண்ண முடியுமாம்மா, மத்தவங்களும் வரி கட்டுறாங்க இல்ல"ன்னு கேட்டார். எனக்குத் தொண்டை அடைச்சுடுச்சு, பதிலே வரல. கோரிக்கையா மட்டும் பதிவு பண்ணிக்கிட்டாங்க.

வீட்டுக்கு வந்து யோசிச்சேன். அவர் கேட்டது கணக்கு, அப்போ கணக்காவே பதில் சொல்லணும். பக்கத்துத் தெருவுல இன்னொரு அம்மா, அவங்க பொண்ணுக்கும் இதே பிரச்சனை, நாங்க ரெண்டு பேரும் ஒரு 80 பக்க நோட்டை எடுத்துட்டு 7 நாள் சாயங்காலம் 4:30-ல இருந்து 7:30 வரைக்கும் பார்க் வாசல்ல உக்காந்தோம். அந்தப் பைப்புல யார் யார் தடுமாறுறாங்கன்னு கோடு போட்டோம். 7 நாள்ல 61 பேர். அதுல வீல்சேர் வெறும் 3 தான். மத்தவங்கல்லாம் வாக்கர் வச்ச பாட்டிங்க, கைக்குழந்தை வண்டி தள்ளிட்டு வந்தவங்க, கர்ப்பிணிங்க, முட்டி வலிக்காரங்க. ஒரு தாத்தா ஊன்றுகோலை முதல்ல உள்ள தூக்கிப் போட்டுட்டு, அப்புறம் பைப்பைப் பிடிச்சுக்கிட்டே நுழைஞ்சார், தினமும் அப்படித்தானாம்.

அந்த நோட்டு தான் எங்க வேலையையே மாத்துச்சு. நான் ஊஞ்சல் கேட்டுப் போனேன், ஆனா முதல்ல கேக்க வேண்டியது வாசல். உள்ளயே வர முடியாதவங்களுக்கு என்ன ஊஞ்சல் போட்டு என்ன.

ரெண்டாவது திருத்தம் பையனுக்குப் பயிற்சி கொடுக்கிற பிசியோ மேடம் சொன்னது. வீல்சேர் ஊஞ்சல் படத்தைக் காட்டினேன். "அக்கா, இதோட மேடை எவ்ளோ கனம் தெரியுமா, ஆடும்போது ஓடி வர சின்னக் குழந்தை தலையில பட்டா என்ன ஆகும்? அதனால இதைச் சுத்தி வேலி போட்டுப் பூட்டி வைப்பாங்க. உங்க பையன் வேலிக்குள்ள தனியா ஆடணுமா, மத்த பசங்களோட ஆடணுமா?"ன்னு கேட்டாங்க. அப்புறம் நானும் தேடிப் படிச்சேன், ஆஸ்திரேலியாவுல லிபர்ட்டி ஸ்விங்னு இந்த மாதிரி ஊஞ்சல் நிறைய இடத்துல இருக்கு, அதுவும் வேலிக்குள்ள, பூட்டைத் திறக்கத் தனிச் சாவி வாங்கணும். அங்க சாவிக்கு ஒரு முறை வச்சிருக்காங்க, இங்க சாவி வாட்ச்மேன்கிட்ட இருக்கும், அவர் டீ குடிக்கப் போயிருப்பார். மேடம் சொன்னது கூடை ஊஞ்சல், பெரிய வட்ட வளையத்துல கயிறு பின்னியிருக்கும், முதுகு நிக்காத குழந்தையைப் படுக்க வைக்கலாம், கூடவே மூணு நாலு பேர் ஏறிக்கலாம். எல்லாக் குழந்தையும் சண்டை போட்டு ஏறுற ஊஞ்சல். இதுதான் வேணும்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்.

சென்னையில சாந்தோம்ல மாற்றுத்திறனாளிக் குழந்தைங்களையும் சேத்து யோசிச்சு கட்டின மாநகராட்சி பார்க் இருக்குன்னு கேள்விப்பட்டு அளவு டேப் எடுத்துட்டுப் போய்ப் பாத்துட்டு வந்தோம். பெங்களூர்ல கோல்ஸ் பார்க்ல இதே மாதிரி ஒண்ணு, கிளிகிளின்னு ஒரு அமைப்பு முன்ன நின்னு செஞ்சது, அதை ஆரம்பிச்சதே சிறப்புத் தேவையுள்ள குழந்தைங்களோட அப்பா அம்மாக்கள் தான். அதைப் படிச்சப்போ வந்த தெம்பு கொஞ்சநஞ்சம் இல்ல. மெரினாவுல 2022 நவம்பர் கடைசியில மாற்றுத்திறனாளிங்க கடல் கிட்ட போறதுக்கு மரப்பாதை திறந்தாங்க, ரெண்டே வாரத்துல மாண்டஸ் புயல்ல சேதமாகி அப்புறம் சரி பண்ணாங்க. எதையும் போட்டா மட்டும் பத்தாது, பராமரிப்பையும் எஸ்டிமேட்லயே சேக்கணும்னு அதுல இருந்து நோட்ல எழுதிக்கிட்டேன்.

அடுத்த ஏரியா சபாவுக்கு நோட்டோட போனோம். 61-னு சொன்னதும் அந்தப் பெரியவர் நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாப் பாத்தார். அவங்க வீட்டம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆகி 2 வருஷமா பார்க் பக்கமே வரலையாம். மாநகராட்சி ஜேஇ (ஜூனியர் இன்ஜினியர்) அளக்க வந்த அன்னிக்கு டேப்போட மறுமுனையைப் பிடிச்சவர் அவர்தான்.

மனுவோட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல பிரிவு 29, பண்பாடு பொழுதுபோக்கு பத்தினது, அதையும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர் கொடுத்த கடிதத்தையும் வச்சோம். சட்டப் பிரிவு எழுதினா மனுவை எடுத்துப் பாக்குற விதமே வேற, இது என் அனுபவம்.

ஜேஇ சார் நல்ல மனுஷன், ஆனா அவருக்கு இது புதுசு. அவர் சொன்னது: சிமெண்ட், கம்பி, பேவர் பிளாக் இதுக்கெல்லாம் அரசு விலைப்பட்டியல் இருக்கு, அதுல இல்லாத பொருளுக்கு மூணு கம்பெனிகிட்ட கொட்டேஷன் வாங்கித்தான் எஸ்டிமேட் போட முடியும். கூடை ஊஞ்சல் அந்தப் பட்டியல்ல இல்ல. நீங்க கேக்குற பொருள் பட்டியல்ல இல்லன்னா எந்தெந்தக் கம்பெனி செய்யுதுன்னு தேடி விவரத்தை நீங்களே கொண்டு போய்க் கொடுங்க, மாசக்கணக்குல மிச்சமாகும்.

அளவுல தான் நிறையப் பேச வேண்டி இருந்துச்சு. வாசல்ல ஒரு படி, 15 சென்டிமீட்டர் உயரம். முதல் வரைபடத்துல சரிவு 90 சென்டிமீட்டர் நீளம்னு போட்டிருந்தாங்க. பாக்க சரிவு மாதிரி இருக்கும், ஆனா வீல்சேரைத் தள்ளினா பின்னாடி சாயும். விதி 1-க்கு 12, அதாவது 15 சென்டிமீட்டர் ஏறணும்னா 1.8 மீட்டர் நீளம் வேணும். ரோட்டுப் பக்கம் இடம் இல்ல, அதனால படியை உடைச்சுச் சரிவை உள்பக்கமா இறக்கினாங்க. பைப்பை எடுத்துட்டு 90 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு குட்டைத் தூண் நட்டாங்க. "அந்த இடைவெளியில பைக் வந்துடுமே"ன்னு கேட்டவங்களுக்கு ஜேஇ சாரே பதில் சொன்னார், பைக்குக்குப் பயந்து மனுஷங்களை நிறுத்த முடியாதுங்கன்னு. எனக்கு அன்னிக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிடணும் போல இருந்துச்சு.

அப்புறம் ஊஞ்சலோட இடம். முதல் வரைபடத்துல காம்பவுண்டு சுவர்ல இருந்து 2 மீட்டர். அமெரிக்காவுல நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் போட்ட விளையாட்டுத் திடல் கையேட்டுல, ஊஞ்சலை மாட்டுற கம்பி தரையில இருந்து எவ்ளோ உயரமோ அதைப்போல ரெண்டு மடங்கு முன்னாடியும் ரெண்டு மடங்கு பின்னாடியும் காலியா இருக்கணும்னு இருக்கு. 2.4 மீட்டர் உயரம்னா ரெண்டு பக்கமும் 4.8 மீட்டர். தரையில சுண்ணாம்புக் கோடு போட்டுப் பாத்தா ஊஞ்சலை நகத்தியே ஆகணும், புங்கமரத்துப் பக்கம் மாத்தினோம். நல்லதாப் போச்சு, வெயில் நேரத்துலயும் நிழல். ஊஞ்சலுக்குக் கீழயும் அங்க போற பாதையிலயும் மணல் வேண்டாம், ரப்பர் டைல்ஸ்னு கேட்டோம். பார்க் முழுக்க ரப்பர் போட்டா காசு எங்கேயோ போயிடும், அதனால சக்கரம் போற இடம், விழுற இடம், அங்க மட்டும். மணல்ல விளையாடுறதுக்கு ஒரு மேஜை, வீல்சேர் கால் உள்ள நுழையுற உயரத்துல, கொத்தனாரே கட்டிடலாம், அதுக்குக் கம்பெனிப் பொருள் எதுவும் வேண்டாம்.

எஸ்டிமேட் 8 லட்சத்து 70 ஆயிரம் வந்துச்சு. நிதி இல்லன்னாங்க. அப்போ தான் கவுன்சிலர் நமக்கு நாமே திட்டத்தைச் சொன்னாங்க, மக்கள் பங்கு மூணுல ஒரு பங்கு கட்டினா மீதியை அரசு போடும். எங்க பங்கு 2 லட்சத்து 90 ஆயிரம். 4 மாசம் வீடு வீடாப் போனோம். பார்க் வாசல்ல பூ விக்கிற அக்கா 200 ரூபா கொடுத்தாங்க, வேண்டாம்கான்னு சொன்னதுக்கு, "அந்தப் பைப்புல கூடையை வச்சுக்கிட்டு நான் படுறது உனக்குத் தெரியாது"ன்னு கையில திணிச்சுட்டுப் போனாங்க. டிடி எடுத்துக் கட்டினோம்.

அதுக்கப்புறம் மன்றத் தீர்மானம், டெண்டர், வொர்க் ஆர்டர். நடுவுல 7 வாரம் ஃபைல் எந்த மேஜையில இருக்குன்னே யாருக்கும் தெரியல, கேட்ட இடத்துல எல்லாம் அடுத்த ரூம்னு கை காட்டினாங்க. கடைசியில தகவல் உரிமைச் சட்டத்துல 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஒரே ஒரு கேள்வி கேட்டேன், இந்தத் தேதியில கட்டின டிடிக்கான வேலை இப்போ எந்த நிலையில இருக்குன்னு. 30 நாள்ல பதில் தரணும், பதில் வர்றதுக்கு முன்னாடியே ஃபைல் நகர ஆரம்பிச்சுடுச்சு.

வேலை நடக்கும்போது தினமும் போய் நின்னேன், இதை எல்லாருக்கும் சொல்லுவேன், பேப்பர்ல சரியா இருக்கிறது தரையில சரியா வரணும்னா அங்க ஆள் நிக்கணும். ரப்பர் டைல்ஸ் போட்டு முடிச்ச அன்னிக்குப் பாத்தா பேவர் பிளாக்கும் டைல்ஸும் சேருற இடத்துல 3 சென்டிமீட்டர் தூக்கி இருந்துச்சு. கொத்தனார் அண்ணன்கிட்ட சொன்னேன், "3 சென்டிமீட்டர் எல்லாம் ஒண்ணும் பண்ணாதும்மா, கால்ல கூடத் தட்டாது"ன்னார். நான் பையனைப் பெஞ்சுல சாய்ச்சுப் படுக்க வச்சுட்டு, "அண்ணே, நீங்க இதுல உக்காருங்க"ன்னு சொன்னேன். தயங்கினார், அப்புறம் உக்காந்தார். அவரோட சித்தாளையே தள்ளச் சொன்னேன். முன்னாடி இருக்கிற சின்னச் சக்கரம் அந்த விளிம்புல முட்டி டக்குனு நின்னுச்சு, அண்ணன் உடம்பு முன்னாடி வந்து கை ரெண்டும் தரையைத் தொட்டுடுச்சு. எந்திரிச்சு எதுவும் பேசல. மம்பட்டியை எடுத்து அந்த ஓரம் முழுக்க அவரே கொத்தி எடுத்துட்டு, சாயங்காலத்துக்குள்ள கலவை போட்டு விரலால தடவித் தடவிச் சரிவாக்கினார். மறுநாள் காலையில என்னைக் கூப்பிட்டு வீல்சேரைத் தள்ளிக் காட்டச் சொன்னார்.

திறந்து இப்போ 5 மாசம் ஆகுது. பையனைக் கூடையில படுக்க வச்சா ரெண்டு பக்கமும் பசங்க ஏறிக்குவாங்க, கூட்டம் ஜாஸ்தியானா 50 எண்ணினதும் இறங்கணும்னு அவங்களே முறை வச்சிருக்காங்க, இவனுக்கும் 50 தான், அதுல எனக்கு அவ்ளோ சந்தோஷம். மணல் மேஜையில வீல்சேர் குழந்தைங்களை விடப் பாட்டிங்க தான் பேரப்பிள்ளைங்களோட அதிகமா நிக்கிறாங்க, குனிய வேண்டாம்ல. ஊஞ்சல் கயிறு ஒரு இடத்துல பிரிய ஆரம்பிச்சுடுச்சு, எஸ்டிமேட்ல பராமரிப்பை 2 வருஷத்துக்குச் சேத்தது இப்போ உதவுது, போன வாரம் ஆள் வந்து பாத்துட்டுப் போயிருக்காங்க.

போன ஞாயித்துக்கிழமை பையன் டாய்லெட் போகணும்னான். பார்க் உள்ள புதுக் கழிவறை இருக்கு, வாசல்ல வீல்சேர் படமெல்லாம் வரைஞ்சிருக்கு. கதவு நுழையல. டேப் எப்பவும் பையில இருக்கும், எடுத்து அளந்தேன், 58 சென்டிமீட்டர். வீட்டுக்குத் தூக்கிட்டு ஓடினோம். அந்த 80 பக்க நோட்டுல இன்னும் பாதிப் பக்கம் காலியாத்தான் இருக்கு, புது தேதி போட்டு எழுதி வச்சிருக்கேன், அடுத்த ஏரியா சபாவுக்கு.