நான்கு பெண்கள், ஒரு தவலை

என் நாடகம் முதன்முதலில் திரும்பி வந்தபோது கூடவே ஒரு துண்டுச் சீட்டும் வந்தது. "நான்கும் பெண் குரல். ஏறக்குறைய ஒரே வயது. யார் பேசுகிறார்கள் என்று நேயருக்குத் தெரியாது." அனுப்பியது ஒரு வானொலி நிலையம். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. சீட்டை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். காரணம் எழுதி எனக்கு வந்த மறுப்புகள் மிகக் குறைவு, அந்தக் காரணமும் சரியானது.

கதை சின்னது. அம்மாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, நான்கு பெண்கள் கூடத்தில் உட்கார்ந்து பாத்திரங்களைப் பிரிக்கிறார்கள். எங்கள் வீட்டில் நடந்ததுதான். பித்தளைத் தவலையின் கழுத்தில் உளியால் புள்ளி புள்ளியாக வெட்டிய அம்மாவின் பெயர். அக்கா அந்த எழுத்தை விரலால் தடவிக்கொண்டே, "எனக்கு வேண்டாம், நீ எடுத்துக்கோ" என்றாள். விரலை மட்டும் எடுக்கவில்லை. அந்த விரலிலிருந்துதான் முழு நாடகத்தையும் எழுதினேன்.

சீட்டு வந்தபிறகு பிரதியை மறுபடி எடுத்தேன். மூத்தவள் எந்த வாக்கியத்தையும் முடிக்கமாட்டாள். இரண்டாமவள் எதையும் எண்ணிக்கொண்டே பேசுவாள். மூன்றாமவளிடம் கேள்வி கேட்டால் இன்னொரு கேள்விதான் பதிலாக வரும். சின்னவள் "அக்கா" என்று கூப்பிடாமல் பேச்சைத் தொடங்கமாட்டாள். பாத்திரப் பெயர்களை ஸ்கேலால் மறைத்துவிட்டு வசனத்தை மட்டும் சத்தமாகப் படித்துப் பார்த்தேன். யார் பேசுகிறார்கள் என்று தெரிந்தது. வசனம் எழுத நான் கற்றுக்கொண்டது அந்த வாரத்தில்தான்.

அப்புறம் அதை மேடைக்குக் கொண்டுபோனேன். பல வருஷமாக நாடகம் போடும் ஒரு குழு. நடத்துபவர் பிரதியை முழுக்கப் படித்துவிட்டே கூப்பிட்டார். "அம்மா, எழுத்து நல்லா இருக்கு. ஆனா நாலு பொம்பளைக்கு நான் எங்க போவேன்? ரெண்டு பேரை அண்ணன் தம்பியா மாத்திக் கொடுங்களேன்."

அன்றைக்கு எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. ஆனால் அவர் சொன்னது நம் மேடையின் பழைய கஷ்டம். 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கியபோது பெண் வேடத்தையும் ஆண்களே கட்டினார்கள். பாய்ஸ் கம்பெனி என்ற சிறுவர் நாடகக் குழுக்களில் மீசை முளைக்காத பையன்கள் ஸ்திரீபார்ட், அதாவது பெண் வேடம், போட்டார்கள். இன்றைக்குப் பெண்கள் நடிக்க வருகிறார்கள், நன்றாகவும் நடிக்கிறார்கள். ஆனால் எனக்குத் தெரிந்த குழுக்களில் ஒத்திகை என்றால் ஆபீஸ் முடிந்து ராத்திரி ஏழு மணிக்குமேல்தான். பத்து மணிக்கு முடிந்தால் எப்படி வீடு போய்ச் சேருவது? ஆட்டோவுக்குக்கூடக் குழுவிடம் பணம் இருக்காது. சீரியலில் ஒருநாள் வேடம் கிடைத்தால் கையில் காசு வரும். ஒத்திகையை விட்டுவிட்டு அங்கே போகிற பெண்ணை நான் எந்த வாயால் குறை சொல்வது?

சரி என்று மாற்றிக் கொடுத்தேன். இரண்டு மாதம் ஆயிற்று. அண்ணன் தவலையைப் பற்றி வாயைத் திறந்தாலே அது பாகப்பிரிவினை நாடகம் ஆகிவிட்டது. நிலம் வந்தது, பத்திரம் வந்தது, மூன்றாம் காட்சியில் வக்கீலே வந்துவிட்டார். அக்காவின் விரலுக்கு அதில் இடமே இல்லை. தெரிந்தேதான் கொடுத்தேன், மேடையேறினால் போதும் என்ற ஆசையில். அந்தக் குழு அதையும் போடவில்லை. "அடுத்த சீசன் பார்க்கலாம்" என்றார்கள், பிறகு போனை எடுக்கவில்லை. திரும்பி வந்தது என்னை அவ்வளவு உறுத்தவில்லை. நானே என் கையால் நாடகத்தைக் கெடுத்தேனே, அதுதான் இன்றைக்கும் வலிக்கிறது.

2020இல் ஊரடங்கு வந்து அரங்குகளெல்லாம் மூடிக்கிடந்தபோது, அக்கா மகள், "சித்தி, நெட்ல போடுங்க" என்றாள். அந்த முதல் பிரதி, நான்கு பெண்களின் பிரதி, பாமினி என்ற பழைய கணினி எழுத்துருவில் இருந்தது. யூனிகோடுக்கு மாற்றி வரி வரியாகச் சரிபார்த்தேன். இடப்பக்கம் பாத்திரப் பெயர், வலப்பக்கம் வசனம் என்று அடித்திருந்ததெல்லாம் போன் திரையில் சிதறிப்போனது. பெயர், ஒரு முக்காற்புள்ளி, அதே வரியில் வசனம் என்று எல்லாவற்றையும் மறுபடி அடுக்கினேன்.

பயம் இல்லாமல் இல்லை. யாராவது எடுத்துத் தன் பெயரில் போட்டுவிட்டால்? 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தை அப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். எழுதிய கணத்திலேயே உரிமை நமக்கு வந்துவிடுகிறது, பதிவு செய்யவேண்டிய கட்டாயம் இல்லை. எழுதியவர் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டு அது நிற்கும். அதே சட்டத்தில், அமெச்சூர் குழு கட்டணம் வாங்காமல் நடித்துக் காட்டினால் அது உரிமை மீறல் ஆகாது என்றும் இருக்கிறது. அந்தப் பிரிவைப் படித்தபோது மனசு லேசானது. ஆட்டோ காசு இல்லாத குழுக்களுக்காகவே எழுதிவைத்த மாதிரி பட்டது. முதல் பக்கத்தில் ஒரே ஒரு வேண்டுகோள் சேர்த்தேன்: "நடித்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்."

மூன்று மாதம் எதுவும் வரவில்லை. அப்புறம் ஒருநாள் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு. திருநெல்வேலிப் பக்கத்து மகளிர் கல்லூரி ஒன்றின் தமிழ்த்துறை மாணவிகள், வீட்டுக்கு ஒருவராக உட்கார்ந்து போனிலேயே சேர்ந்து படித்திருந்தார்கள். என் "ஏண்டி" எல்லாம் "ஏட்டி" ஆகியிருந்தது. எங்கள் ஊர்ப் பேச்சை அவ்வளவு பார்த்துப் பார்த்து எழுதியிருந்தேன். ஆனாலும் இரண்டாவது நிமிஷத்திலேயே அந்த "ஏட்டி"தான் இயல்பாகக் காதில் விழுந்தது.

ஓரிடத்தில் அடைப்புக்குறிக்குள் "மௌனம்" என்று போட்டிருந்தேன். சின்னவளாகப் படித்த பெண் அதையும் வாய்விட்டே படித்தாள். "அக்கா, அப்ப அம்மாவுக்கு யாரு... மௌனம்." பதிவை நிறுத்திவிட்டு யோசித்தேன். அவள் மேல் தப்பே இல்லை. எதிரே ஆளும் இல்லாமல் பாத்திரமும் இல்லாமல் படிக்கிற பெண்ணிடம், மௌனம் என்று எழுதிக் கொடுத்தால் அவள் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்? பிரதி முழுக்கப் பதினேழு இடத்தில் அந்தச் சொல் இருந்தது. பதினேழையும் எடுத்தேன். அந்த இடத்தில் இப்போது, "சின்னவள் முந்தானையால் குடத்தைத் துடைக்கிறாள். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருக்கிறது" என்று இருக்கிறது. இத்தனை வருஷத்தில் இதை எனக்கு யாரும் சொன்னதில்லை. அதைக் காட்டிக்கொடுக்க ஓர் ஒத்திகை வேண்டியிருந்தது. அந்த ஒத்திகைக்குத்தானே நான் அத்தனை வருஷம் அலைந்தேன்.

கல்லூரி திறந்தபின் வகுப்பறையிலேயே போட்டார்களாம். அவர்களின் பேராசிரியை வீடியோ அனுப்பினார். "மேடம், ஒண்ணே ஒண்ணு கேக்கணும். தவலைக்கு நாங்க அட்டையில செய்யல. ஒரு பிள்ளை அவ ஆச்சி வீட்டுல இருந்து கொண்டுவந்துட்டா. பரவாயில்லையா?"

டெஸ்குகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, தரையில் பாய் விரித்து நான்கு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அந்தத் தவலை, ஒரு பக்கம் நசுங்கி. மூத்தவளாக நடித்த பெண் கழுத்து விளிம்பைத் தடவும் இடத்தில் வீடியோவை நிறுத்தி, திரையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். புள்ளி புள்ளியாக ஒரு பெயர் வெட்டியிருந்தது. முதல் எழுத்து விரலுக்கு அடியில் மறைந்திருந்தது. மீதி மூன்று எழுத்தைப் படித்தேன்.